குடியேறிகளின் சிறைச் செலவும் அமெரிக்க மத்திய நிதியும்

ஆவணமற்ற குடியேறிகளைச் சிறை வைக்கும் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அமெரிக்க மத்திய அரசு அச்செலவில் ஒரு பங்கைத் தரும் ஏற்பாடு ‘ஸ்காப்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. நீதித் துறையின் நீதி உதவிப் பணியகம் இதை நடத்துகிறது.

1980-இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் ஃபுளோரிடா வந்திறங்கினர். அவர்களில் சிறைப்பட்டவர்களையும் ஆவணமற்ற பிற கைதிகளையும் பராமரிக்கும் செலவை ஈடுகட்ட 1986-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வழிசெய்தது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. நாடாளுமன்றம் பல ஆண்டுகள் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை.

எல்லையைக் காக்கும் அதிகாரம் வாஷிங்டனுடையது, செலவு மட்டும் எங்கள் தலையிலா என்று கேட்டு 1994-இல் ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, டெக்சஸ், அரிசோனா, நியூ ஜெர்சி மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ஃபுளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். கலிஃபோர்னியாவின் பீட் வில்சன் குடியரசுக் கட்சிக்காரர். வழக்குகள் எல்லாம் தள்ளுபடியாயின. ஆனால் கேள்வி நியாயமானது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது. 1995 நிதியாண்டில் 13 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

கணக்கிடும் முறையில்தான் இதன் குறை தெரிகிறது. ஒரு கடுங்குற்றத்துக்கோ இரண்டு சிறுகுற்றங்களுக்கோ தண்டனை பெற்று, தொடர்ந்து நான்கு நாட்களாவது சிறையில் இருந்தவர்தான் கணக்கில் வருவார். அவரது பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, சிறையில் சேர்ந்த நாள், விடுதலையான நாள் ஆகியவற்றைச் சிறை நிர்வாகம் அனுப்ப வேண்டும். சிறையில் கழிந்த நாட்களை, ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு ஆகும் காவலர் சம்பளச் செலவால் பெருக்கித் தொகை காண்கிறார்கள். சாப்பாடு, மருத்துவம், கட்டடம் எதற்கும் கணக்கில் இடமில்லை. அப்படிச் சுருக்கிய தொகையும் முழுதாகக் கிடைப்பதில்லை. அந்த ஆண்டு ஒதுக்கிய பணத்தை விகிதப்படி பிரித்துக் கொடுக்கிறார்கள். பணம் கேட்டு அனுப்பும் இந்தப் பட்டியல், சரிபார்ப்புக்காக நாடுகடத்தும் அதிகாரிகளின் கைக்கே போகிறது என்பது இத்திட்டத்தின் தீராத உறுத்தல்.

2000-ஆம் ஆண்டையொட்டி ஆண்டுக்கு 58.5 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு 2003-இல் 25 கோடியாகவும், 2014-இல் 18 கோடியாகவும் சரிந்தது. வந்த பணத்தை மாநிலங்கள் பொது நிதியில் சேர்த்துவிடும் வழக்கமும் இருந்தது. சிறைப் பணிகளுக்கு மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்ற விதி 2006-இல் வந்தது. புஷ், ஒபாமா, டிரம்ப் ஆட்சிகளின் நிதிநிலை முன்மொழிவுகள் திட்டத்தையே நிறுத்தச் சொன்னபோதும், எல்லையோர மாநில உறுப்பினர்கள் கட்சி பாராமல் அதைக் காப்பாற்றினார்கள்.