இரும்புப் பந்தும் கைகாட்டி மரமும்

நம்ம காலேஜில் படித்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களுக்கு வந்தே தீரும்: மெஸ் சாப்பாடு, அரியர்ஸ், ஊருக்குப் போகும் ரயில். முதல் இரண்டையும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மலரில் நிறையவே இருக்கிறார்கள். மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். ரயில் என்றால் வண்டி மட்டும் அல்ல. அந்த வண்டியைப் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த சிக்னலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி வழியாக மாயவரம் போகும் பாதைக்கு இன்றைக்கும் பெயர் மெயின் லைன். 1870-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர்கேஜ் பாதை இது. அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் 1929-ல் வரும் வரைக்கும் எழும்பூரில் ஏறியவர் திருச்சிக்குப் போக இதுதான் வழி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி போய், கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி கொழும்பு போனவர்களும் நம் சிதம்பரத்தைத் தாண்டித்தான் போனார்கள். கார்டு லைன் வந்ததும் தூரம் குறைந்தது. மெயினான வண்டிகள் பலவும் அந்தப் பக்கம் போய்விட, மெயின் லைனுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது என்று சீனியர்கள் கிண்டல் செய்வார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. வெளியூர்க்காரர் கடலூருக்கு டிக்கெட் கேட்டால், "எந்தக் கடலூருங்க, ஓ.டி.யா, என்.டி.யா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஓல்டு டவுன் என்பது துறைமுகம் ஜங்ஷன். நியூ டவுன் என்பது திருப்பாதிரிப்புலியூர். விருத்தாசலம், நெய்வேலி பக்கம் போகிறவர் ஜங்ஷனில் மாற வேண்டும். மஞ்சக்குப்பம் போகிறவர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். தெரியாமல் இறங்கினால் நடுராத்திரியில் குதிரை வண்டிக்காரரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று 1970-களில் படித்த அண்ணன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த அண்ணன்மார்கள் கொடுத்து வைத்தவர்கள். 1960-களிலேயே எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜில் மின்சார எஞ்சின் வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.1 எஞ்சின்கள் அவை. விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு ஒய்.பி. நீராவி எஞ்சினை மாட்டுவார்கள். அதற்கு மேல் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரி விழாமல் சிதம்பரம் வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பிறகு ஒய்.டி.எம்.4 டீசல் வந்தது. எங்கள் செட் பார்த்தது அதைத்தான்.

எங்கள் செட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெருமையா சிறுமையா என்று நீங்களே சொல்லுங்கள். நாங்கள் 2005-ல் சேர்ந்தோம். இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது, 2006-ல், அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 2009-ல் நாங்கள் படிப்பை முடித்து வெளியே போகிற வரைக்கும் சிதம்பரத்துக்கு ரயில் வரவில்லை. விழுப்புரம் – மயிலாடுதுறை பிராட்கேஜ் 2010-ல்தான் திறந்தது. ஆக, மீட்டர்கேஜை ஒன்றரை வருஷம் பார்த்து, இரண்டரை வருஷம் பஸ்ஸில் இடிபட்டவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, அந்த ஒன்றரை வருஷத்து நினைவு எங்களுக்குக் கெட்டியாக இருக்கிறது.

கைகாட்டி

சாயங்காலம் கிளாஸ் முடிந்து ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போவது எங்களில் சிலருக்கு வழக்கம். "கை இறங்கிடுச்சுடா, வண்டி வருது" என்று யாராவது சொல்வார்கள். கைகாட்டி மரத்தின் சிவப்புக் கை நேராக நீட்டியிருந்தால் நில். சாய்ந்து இறங்கியிருந்தால் வா. ராத்திரியில் அதே கையோடு சேர்ந்த சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் மாறி மாறி வரும். விளக்கை ஏற்றிவைக்க ஒரு ஆள் தினமும் கம்பத்தில் ஏறி இறங்குவார்.

அந்தக் கையை இழுப்பது கேபினிலிருந்து போகும் ஒரு கம்பி. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். வெயிலில் கம்பி நீளும், அதைச் சரிக்கட்ட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? கையின் மறுபக்கம் எடை வைத்திருப்பதால் கை தானாகவே மேலே போய் 'நில்' என்று நிற்கும். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாகத்தான் கெட வேண்டும். எந்த டிபார்ட்மென்டில் படித்தவராக இருந்தாலும் நாமெல்லாம் பாடத்தில் 'ஃபெயில் சேஃப்' என்று படித்திருக்கிறோம். அதை ஒரு இரும்புத் துண்டும் எடைக்கல்லும் நம் கண் முன்னாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தன.

கேபினுக்குள் இன்னொரு சங்கதி. அங்கே வரிசையாக நிற்கும் லீவர்களைத் தோன்றியபடி இழுக்க முடியாது. முதலில் பாயிண்டை வண்டி போக வேண்டிய பாதைக்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் ஹோம் சிக்னல் லீவர் அசையும். ஹோம் இறங்கியிருக்கும்போது அதே பாதைக்கு இன்னொரு வண்டியை விடும் லீவர் அசையவே அசையாது. ஒன்றை ஒன்று பூட்டி வைத்திருக்கும். இதற்குப் பெயர்தான் இன்டர்லாக்கிங். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், தப்பாக இழுக்க அந்த இரும்பு விடாது.

இரும்புப் பந்து

ஒற்றைப் பாதையில் பெரிய பயமே எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடுவதுதான். அதற்கு மீட்டர்கேஜ் காலத்தில் தெற்கு ரயில்வேயில் பரவலாக இருந்த மருந்து 'நீல்' பந்து டோக்கன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இரும்புப் பெட்டி போன்ற கருவிகள் இருக்கும். வடக்குப் பக்கத்துக்கு ஒன்று, தெற்குப் பக்கத்துக்கு ஒன்று. உள்ளே எஃகுப் பந்துகள். அடுத்த ஸ்டேஷனில் இதன் ஜோடிக் கருவி இருக்கும். இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு.

இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணி அடித்து 'லைன் கிளியர்' கேட்பார். அந்தப் பக்கத்துக்காரர் ஒப்புக்கொண்டு தன் கருவியைத் திருப்பினால்தான் இங்கே ஒரு பந்து வெளியே வரும். அது வந்துவிட்டால், இரண்டு பக்கமும் இன்னொரு பந்து வராது. வெளியே போன பந்து ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்ப விழுந்தால்தான் அடுத்தது. பந்து கையில் இருக்கிற டிரைவருக்குத்தான் பாதை சொந்தம். ஒரு செக்‌ஷன் பந்து பக்கத்துச் செக்‌ஷன் கருவிக்குள் நுழையாதபடி காடி வெட்டியிருப்பார்கள். பந்தின் மேலேயே ஸ்டேஷன்களின் எழுத்துகளும் பொறித்திருக்கும்.

நிற்காமல் போகிற வண்டிக்கு இதைக் கொடுப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. பெரிய பிரம்பு வளையம், அதன் அடியில் ஒரு பை, பைக்குள் பந்து. பிளாட்பாரத்தில் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார். எஞ்சினிலிருந்து உதவி டிரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, கையை நீட்டிப் புதியதைத் தோளில் வாங்கிக்கொள்வார். கை கன்றிப்போகும். மழைக்காலத்தில், ராத்திரியில், தீவட்டி வெளிச்சத்தில் இதைச் செய்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இதெல்லாம் சும்மா வந்த ஞானம் இல்லை. 1889 ஜூன் 12-ம் தேதி அயர்லாந்தில் அர்மா என்ற ஊருக்குப் பக்கத்தில், ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா போன ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. பாதியைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய பெட்டிகள் பின்னால் உருண்டன. பின்னாலேயே இன்னொரு வண்டியை, 'இத்தனை நிமிஷம் ஆயிற்று, முன் வண்டி போயிருக்கும்' என்ற கணக்கில் அனுப்பியிருந்தார்கள். 80 பேர் இறந்தார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமென்ட், பயணிகள் ரயில் பாதைகளில் பிளாக் முறையும் இன்டர்லாக்கிங்கும் கட்டாயம் என்று சட்டம் போட்டது. 'போயிருக்கும்' என்ற ஊகத்தின் இடத்தில் பூட்டு வந்த கதை இது.

பூட்டுக்கும் எல்லை உண்டு. 1956 நவம்பர் 23 அன்று நம் பக்கத்துக் கார்டு லைனில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாதையில் வேறு வண்டி இல்லை என்று லைன் கிளியர் சொல்லும். பாலம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

செம்மங்குப்பம்

2010-க்குப் பிறகு நம் பாதையில் கைகாட்டி இல்லை, பந்து இல்லை. வண்ண விளக்கு சிக்னல். லீவருக்குப் பதில் பட்டன். பிறகு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. நினைவுகளில் மூழ்குகிறவர்கள் இதற்காக வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் கொஞ்சம்தான். இரும்பு போய் ரிலே வந்தாலும் பூட்டு பூட்டுதானே! எனக்கு வருத்தம் வேறு இடத்தில்.

2025 ஜூலை 8 காலையில், கடலூர் துறைமுகத்துக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பத்தில், விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு பள்ளி வேனில் மோதியது. மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். கேட் இருந்தது. கேட்கீப்பர் இருந்தார். ஆனால் மூடியிருக்க வேண்டிய கேட் மூடப்படவில்லை. அந்த கேட், சிக்னலோடு இன்டர்லாக் செய்யப்படாத கேட்.

இதன் அர்த்தத்தை ரயில்வேக்கு வெளியே இருக்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இன்டர்லாக் செய்த கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சையாகும். கேட் திறந்திருந்தால் வண்டிக்குச் சிவப்புதான். இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து வண்டி வருகிறது என்பார். கேட்கீப்பர் மூடிவிட்டு ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். அதை நோட்டில் எழுதிக்கொண்டு சிக்னலை எடுப்பார்கள். அதாவது, பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய்வார்த்தை இருக்கிறது.

கேட்கீப்பர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அது சட்டத்தின் வேலை. நாம் எஞ்சினியர்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு மனிதன் ஒரு நிமிஷம் தவறினால் மூன்று உயிர் போகும் என்ற நிலையில் அந்த மனிதனை நிறுத்தி வைத்தது எது? நம் ஊர் கேபினில் லீவர் இழுத்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, மீட்டர்கேஜே போய்விட்ட பிறகும் வயல்வெளியில் தனியாக உட்கார்ந்திருந்த கேட்கீப்பருக்கு ஏன் கிடைக்கவில்லை?

காரணம் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வண்டி கடக்கிறது என்று பெருக்கி ஒரு எண் போடுவார்கள். அந்த எண் 20,000-க்கு மேல் போனால்தான் இன்டர்லாக்கிங் என்று இருந்தது. செம்மங்குப்பத்துக்குப் பிறகு அதை 10,000 என்று குறைத்தார்கள். கேட்டுகளில் கண்காணிப்பு கேமரா வைக்கவும் உத்தரவு வந்தது. நல்லதுதான். பிராட்கேஜில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியிலேயே ஒழித்துவிட்ட ரயில்வேக்கு இதுவும் முடியாத காரியம் இல்லை. ஆனால் 10,000-க்குக் கீழே இருக்கிற கேட்டையும் ஒரு பள்ளிக்கூட வேன் தினம் இரண்டு முறை கடந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தச் சந்திப்புக்குச் சென்னையிலிருந்து மெயின் லைன் ரயிலில் வந்த ஒவ்வொருவரும் அந்த கேட்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள், பலருக்குத் தெரிந்திருக்காது. நம்மில் ரயில்வேயில் இருப்பவர்கள் உண்டு, நெடுஞ்சாலையில், மின்சார வாரியத்தில், தனியார் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் உண்டு. "அவரிடம் சொல்லியிருக்கிறோம், பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வாய்வார்த்தையில் ஓடுகிற கேட் ஒன்று எல்லார் வேலையிலும் எங்கேயாவது இருக்கும். ஊர் திரும்பியதும் அதைத் தேடிப் பாருங்கள். பூட்டுப் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

பந்து டோக்கன் வாங்கிய, கொடுத்த, பார்த்த அனுபவம் உள்ள அண்ணன்மார்கள் அடுத்த மலருக்கு அவசியம் எழுத வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். புகைப்படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பந்தைக் கையில் கொடுத்து விளக்க வாய்ப்பு இனிமேல் குறைவு. எழுதியாவது வைப்போம்.