பேர் கெட்ட பீரங்கி

ஸ்வீடனில் கார்ல்ஸ்கோகா என்றொரு சிற்றூர். அங்கே போபர்ஸ் இரும்பாலை 1646லேயே தொடங்கிவிட்டது. 1894இல் அதை வாங்கியவர் டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல். அவர் இறந்தபின், பாரிஸிலும் இத்தாலியிலும் வீடு வைத்திருந்த மனிதரின் உயில் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் என்று தகராறு வந்தது. அவருடைய குதிரைகள் கார்ல்ஸ்கோகா லாயத்தில் நிற்கின்றன, ஆகவே அவர் ஸ்வீடன்காரர்தான் என்று வாதாடி ஜெயித்ததாக ஒரு கதை உண்டு. பிறகு வந்த வழக்குகளோடு ஒப்பிட்டால் அது குழந்தை விளையாட்டு.

1970களில் ஸ்வீடன் ராணுவத்துக்காக அந்த ஆலையில் உருவானது எஃப்எச்-77 என்ற 155 மில்லிமீட்டர் பீரங்கி. ஸ்வீடனுடையது கட்டாய சேவைக்கு வந்த இளைஞர்களைக் கொண்ட சிறிய படை. ஆகவே ஆள் குறைவாகவும் வேலை வேகமாகவும் இருக்கும்படி செய்தார்கள். நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டுகளை மூன்று மூன்றாகத் தூக்கி வைக்க அதிலேயே ஒரு சிறு கிரேன் உண்டு. பதின்மூன்று, பதினான்கு விநாடியில் மூன்று குண்டுகளை அடுத்தடுத்துச் சுட்டுவிடும். லாரியில் கட்டி இழுத்துப் போவதுதான் வழக்கம் என்றாலும், பீரங்கிக்குச் சொந்தமாக ஒரு எஞ்சினும் உண்டு. சுட்டு முடித்ததும் லாரிக்குக் காத்திராமல் தானே உருண்டு இடம் மாறிக்கொள்ளும்.

இந்தியாவுக்கு அது வந்து சேர இந்த எஞ்சின்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 1980களின் முதல் பாதியில் நம் ராணுவம் தேர்வு செய்து பார்த்தபோது, பல சுற்றுகளில் முதலிடம் பிரான்ஸ் பீரங்கிக்கே. அது அதிக தூரம் சுடும். ஆனால் குண்டு பறந்து வரும் பாதையை வைத்து அதைச் சுட்ட பீரங்கி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் அமெரிக்க ராடார் பாகிஸ்தானுக்குக் கிடைத்துவிட்டது. இனி சுட்டுவிட்டு அதே இடத்தில் நின்றால் பதிலடி வந்துவிடும். 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி. அந்த மாதமே வரிசை மாறி போபர்ஸ் முதலிடத்துக்கு வந்தது. மார்ச் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: 410 பீரங்கி, 1,437 கோடி ரூபாய்.

அடுத்து நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. 1987 ஏப்ரல் 16 அன்று, இந்த விற்பனைக்காக லஞ்சம் கைமாறியது என்று ஸ்வீடன் வானொலி சொன்னது. 64 கோடி என்ற எண் நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று. சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’வில் சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் ஆவணம் ஆவணமாக வெளியிட்டார்கள். 1989இல் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்தார். தமிழ்நாட்டில் மட்டும் அந்தக் காற்று வீசவில்லை. காங்கிரஸ்–அதிமுக கூட்டணி இங்கே 39இல் 38 தொகுதிகளை அள்ளியது. ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்று மிரட்டினால் பணம் வாங்கியவர் பெயரை ஸ்வீடன்காரர்களிடம் கறந்துவிடலாம் என்று தான் யோசனை சொன்னதாக சுந்தர்ஜி ஓய்வுக்குப் பின் ஒரு பேட்டியில் சொன்னார். ராஜீவ் மீதான லஞ்சப் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. வழக்கின் மிச்சத்தை எழுதினால் ஒரு புத்தகம் வரும். பீரங்கி அதில் எங்கும் இருக்காது.

பீரங்கி மேல் யாரும் குறை சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். ஆனாலும் தண்டனை அதற்கும் கிடைத்தது. ஸ்வீடன் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் உறைந்துபோனதால் உதிரி பாகம் வரவில்லை. ஒரு பீரங்கி ஓடுவதற்காக இன்னொன்றைக் கழற்றினார்கள். ஒப்பந்தப்படி இங்கேயே தயாரிப்பதற்கான வரைபடங்கள் வந்திருந்தன, ஆயிரக்கணக்கான பக்கங்கள். அரசின் ஆயுதத் தொழிற்சாலை அலமாரியில் அவை தூங்கின. போபர்ஸ் என்று தலைப்பிட்ட கோப்பில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்?

1999 மே, கார்கில். பத்தாயிரம் அடிக்கு மேல் இருக்கும் திராஸில், மலை உச்சிகளில் எதிரி உட்கார்ந்திருக்கிறான். கீழே நெடுஞ்சாலை அவன் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அந்தச் சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன போபர்ஸ் பீரங்கிகள். பீரங்கிப் படையின் வழக்கமான வேலை, கண்ணுக்குத் தெரியாத இலக்கைக் கணக்குப் போட்டு அடிப்பது. எந்தக் கோணத்துக்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணை இருக்கும். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவு. குண்டுக்குத் தடை குறைகிறது, அது அட்டவணை சொன்ன இடத்தைத் தாண்டிப் போய் விழுகிறது. பள்ளத்தாக்கில் காற்று ஒரு பக்கமும் சிகரத்தின் மேல் இன்னொரு பக்கமும் அடிக்கும். சுட்டுப் பார்த்து, விழுந்த இடம் பார்த்து, திருத்தித் திருத்தித்தான் கணக்கைப் பிடித்தார்கள். சமவெளியில் 24 கிலோமீட்டர், மிஞ்சினால் 30 போகும் குண்டு அங்கே அதையும் தாண்டியது.

டைகர் ஹில்லுக்கு அதுவும் போதவில்லை. கத்தி முனைபோல் நிற்கும் சிகரத்தில், குண்டு ஐம்பது மீட்டர் தள்ளி விழுந்தால் மறுபக்கச் சரிவில் வீணாகிவிடும். ஆகவே பீரங்கியை முன்னால் கொண்டுபோய், துப்பாக்கியால் குறி வைப்பதுபோல் உச்சியைக் கண்ணால் பார்த்தே சுட்டார்கள். பார்த்துச் சுடுபவனை எதிரியும் பார்த்துச் சுடுவான். அங்கே நின்றவர்கள் அதற்குத் துணிந்துதான் நின்றார்கள். ஜூலை 4 அன்று டைகர் ஹில் உச்சி கைக்கு வந்தது. நம் பீரங்கிப் படை அந்தப் போரில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் குண்டுகளும் ராக்கெட்டுகளும் செலவழித்தது. பத்து ஆண்டுக்கு முன் தேர்தல் மேடைகளில் திட்டு வாங்கிய பெயரை இப்போது தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஜனங்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகாவது புதிதாக வாங்கியிருக்க வேண்டாமா? அதே 1999இல் பீரங்கிப் படையைச் சீரமைக்கத் திட்டம் தயாரானது. லாரியில் இழுப்பது மட்டும் 1,580 வேண்டும் என்று கணக்கு. தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் மேல் 2005இலும் சிங்கப்பூர் நிறுவனத்தின் மேல் 2009இலும் ஊழல் புகார் வர, இரண்டோடும் பேச்சு நின்றது. டெண்டர் போடுவார்கள், போட்டிக்கு ஒரே ஒரு கம்பெனி மிஞ்சும், டெண்டர் ரத்தாகும். ஊழலைத் தடுக்கப் போட்ட பூட்டு என்று இதற்கு நியாயம் சொல்லலாம். எனக்கென்னவோ 64 கோடியைவிட இந்தப் பயத்துக்குத்தான் நாடு அதிக விலை கொடுத்தது என்று தோன்றுகிறது. 410க்கு அப்புறம் 2017வரை ஒரு புது 155 மி.மீ. பீரங்கிகூட வெளிநாட்டிலிருந்து வரவில்லை. அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் எடை குறைந்த எம்-777இல் முதல் இரண்டு வந்து இறங்கின.

தூங்கிய வரைபடங்களை ஜபல்பூரில் எழுப்பியது 2011 வாக்கில். அங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலை அதே போபர்ஸைக் கொஞ்சம் நீட்டிச் செய்யப் பொறுப்பேற்றது. நீட்டி என்றால் நிஜமாகவே நீட்டித்தான். போபர்ஸின் குழல் 39 காலிபர், அதாவது 155 மில்லிமீட்டரை 39ஆல் பெருக்கிய நீளம், ஆறு மீட்டர். புதியது 45 காலிபர், ஏழு மீட்டர். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மீட்டருக்கும் வெடிவாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். தூரம் 38 கிலோமீட்டர் ஆகிறது.

சொல்வது சுலபம். குழலைச் செய்ய, கசடு நீக்கிச் சுத்தப்படுத்திய எஃகை அடித்து நீட்டி, நடுவே துளைத்து, உள்ளே அபார அழுத்தம் கொடுக்க வேண்டும். உள்சுவர் சற்றே விரிந்து திரும்பச் சுருங்க முடியாமல் நிற்கும். வெளிச்சுவர் அதை எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கும். சுடும்போது வெடிப்பு முதலில் அந்தப் பிடியை எதிர்த்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும். பிறகு உள்ளே சுழல் வரிகள் வெட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் 2013இல் பொக்ரான் சோதனையில் ஒரு குழல் வெடித்தது. 2017இல் வெளியேறும் குண்டு, உதையைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டியிருந்த பிரேக்கில் இடித்தது. அதே ஆண்டு சிபிஐ ஒரு வழக்கும் பதிந்தது: ஜெர்மனியில் செய்தது என்று முத்திரை குத்தி யாரோ சீன பேரிங்குகளைத் தலையில் கட்டியிருந்தார்கள். பீரங்கிக்கும் சிபிஐக்கும் அப்படி ஒரு ராசி!

இந்த முறை மட்டும் யாரும் கதவைச் சாத்தவில்லை. குறையைத் திருத்தி மறுபடி சுட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று ‘தனுஷ்’ என்ற பெயரில் முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்துக்குப் போயின. ஆர்டர் 114, வருவது மெதுவாகத்தான்.

அதற்குள் புனேயில் டிஆர்டிஓ இன்னொன்றை ஆரம்பித்திருந்தது. ஏட்டாக்ஸ் என்று சுருக்கிச் சொல்லும் இதில் போபர்ஸின் வரைபடம் கிடையாது. 52 காலிபர், எட்டு மீட்டர் குழல். குண்டு ஏற்றுவது, குழலைத் தூக்குவது எல்லாம் மின்சார மோட்டார். உடன் நின்று செய்தவை பாரத் ஃபோர்ஜும் டாடாவும். சோதனையில் 48 கிலோமீட்டர் அடித்தது. 2020இல் இதன் குழலும் ஒருமுறை வெடித்தது, சிலருக்குக் காயம். 2022 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் அதுவரை பிரிட்டிஷ் காலத்துப் பீரங்கிகள் முழங்கிவந்த 21 குண்டு மரியாதையில் இதுவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் 307 பீரங்கிக்கு ஒப்பந்தம் ஆயிற்று. சுமார் 6,900 கோடி. பெரிய பங்கு பாரத் ஃபோர்ஜுக்கு, மற்றது டாடாவுக்கு.

இப்போதுள்ள தகராறு எடை. போபர்ஸ் பன்னிரண்டு டன், இது பதினெட்டு. மலைப்பாதையில் ஊசிமுனை வளைவிலும் பழைய பாலத்திலும் அந்த ஆறு டன் பெரிய விஷயம். எடை குறைந்த, ஆனால் அதே 52 காலிபர் பீரங்கிகள் 400 வேண்டும் என்று ராணுவம் இந்தியக் கம்பெனிகளிடம் கேட்டிருக்கிறது. எட்டு மீட்டர் குழலின் உதையைத் தாங்கவும் வேண்டும், எடையும் ஏறக்கூடாது. டெண்டர் மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது.