மன்ஹாட்டனுக்கு ஈடாக இருந்த கிராமம்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. வால் ஸ்ட்ரீட், பங்குச்சந்தை, வானத்தை முட்டும் கட்டடங்கள் என்று உலகத்துப் பணமெல்லாம் புரளும் இடம். சரி, 'ருன்' தீவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? உலக வரைபடத்தில் தேடினால் ஒரு புள்ளியாகக்கூடத் தென்படாது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு தீவுகளும் ஒரே ஒப்பந்தத்தில், தராசின் இரண்டு தட்டுகளைப் போல, எதிரெதிரே வைக்கப்பட்டன. அன்றைக்கு ருன்னை வைத்துக்கொண்டவர்கள், தாங்கள் ஏமாந்துவிட்டதாக நினைக்கவே இல்லை!

இன்று ருன், இந்தோனேசியாவின் கிழக்கு மூலையில் ஒரு சின்னக் கிராமம். எப்படி அப்படி இருந்தது, ஏன் இப்படி ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கொட்டையின் கதை

இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்தில், பண்டா கடலுக்கு நடுவே, பத்துப் பதினொரு சிறு தீவுகள் கொண்ட கூட்டம் பண்டா தீவுகள். அதில் மேற்கு ஓரத்தில் இருப்பது ருன். நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. மழைநீரைப் பிடித்து வைத்தால்தான் குடிக்கத் தண்ணீர்.

ஆனால் இயற்கை இந்தத் தீவுகளுக்கு ஒரு மரத்தைக் கொடுத்திருந்தது. அதுதான் ஜாதிக்காய் மரம். பழத்தைப் பிளந்தால் உள்ளே கருமையான கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை போல ஜாதிபத்திரி. ஒரே பழத்தில் இரண்டு வாசனைப் பொருட்கள். அந்தக் காலத்து உலகத்துக்கு இவை கிடைத்த ஒரே இடம் பண்டாதான். ஐரோப்பாவில் இது சமையலுக்கு மட்டுமல்ல, மருந்தாகவும் மதிக்கப்பட்டது. வாங்குபவர்கள் உலகம் முழுக்க, விளையும் இடம் ஒன்றே ஒன்று. விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பும் பண்டா மக்கள் நல்ல வியாபாரிகள்தான். ஜாவா, மலாய், அரபு, சீன வணிகர்கள் அங்கே வந்து போனார்கள். ஜாதிக்காயைக் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கினார்கள். அந்தத் துணியில் ஒரு பகுதி நம்முடைய சோழமண்டலக் கரையில் நெய்தது. பிற்பாடு டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதற்கு இந்தத் துணி வியாபாரமும் ஒரு முக்கியக் காரணம். துணி இல்லாமல் ஜாதிக்காய் கிடைக்காது!

கம்பெனிகள் வந்தன

1512-ல் போர்ச்சுகீசியர் பண்டாவுக்கு வந்தார்கள். 1600-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் தொடங்கப்பட்டன. டச்சுக் கம்பெனிக்கு ஜாதிக்காய் வேண்டும் என்பது மட்டும் நோக்கமல்ல. வேறு யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பதும்தான் நோக்கம். அதாவது ஏகபோகம்.

மற்ற தீவுகள் ஒவ்வொன்றாக டச்சுப் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ருன் மக்கள் ஆங்கிலேயரின் பாதுகாப்பைத் தேடினார்கள். 1616 டிசம்பரில் நதானியேல் கோர்ட்ஹோப் என்பவர் இரண்டு கப்பல்களுடன் வந்து இறங்கினார். ருன் மக்கள் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குத் தங்கள் தீவை ஒப்படைத்தார்கள். தண்ணீரும் இல்லாமல், போதிய உணவும் இல்லாமல், டச்சு முற்றுகைக்கு நடுவே கோர்ட்ஹோப்பும் தீவு மக்களும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். 1620 அக்டோபரில் படகில் போகும்போது அவர் கொல்லப்பட்டார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் கொடூரம். 1621-ல் டச்சுத் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பெரும் படையுடன் பண்டாவைக் கைப்பற்றினார். 44 ஊர்ப்பெரியவர்கள் கூலிப்படையினரின் வாளுக்கு இரையானார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் செத்தார்கள், அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள், அல்லது வேறு தீவுகளுக்குத் தப்பி ஓடினார்கள். காலியான நிலத்தைக் கம்பெனி தோட்டங்களாகப் பிரித்துக் கொடுத்து, வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியது.

ருன்னுக்கு வேறு விதமான தண்டனை. அங்கே இருந்த ஜாதிக்காய் மரங்களையே டச்சுக்காரர்கள் அழித்தார்கள். ஆங்கிலேயர் என்றாவது திரும்பி வந்தாலும் அவர்களுக்கு எதுவும் மிஞ்சக்கூடாது அல்லவா?

1667, பிரெடா

இதற்கிடையே உலகத்தின் இன்னொரு மூலையில், 1626-ல் டச்சுக்காரர்கள் விலைக்கு வாங்கியிருந்த மன்ஹாட்டனை 1664-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். 1667 ஜூலையில் பிரெடா நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. "மன்ஹாட்டனைக் கொடுத்து ருன்னை வாங்கினார்கள்" என்று பலர் எழுதுவார்கள். அது முழுச் சரியல்ல. அவரவர் கையில் இருப்பதை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் உடன்பாடு. ஆங்கிலேயர் ருன் மீதான உரிமையை விட்டார்கள். டச்சுக்காரர்கள் மன்ஹாட்டன் மீதான உரிமையை விட்டார்கள்.

இரண்டு தீவுகளிலும் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கன்றுகள் கப்பல் ஏறின

ஏகபோகத்தைக் காப்பாற்ற டச்சுக் கம்பெனி எல்லாம் செய்தது. கொட்டை முளைக்காமல் இருக்கச் சுண்ணாம்பில் முக்கி அனுப்பியது. விலை விழாமல் இருக்க ஆம்ஸ்டர்டாமில் சரக்கைக் கொளுத்தவும் செய்தது. ஆனால் ஒரு கன்றை எத்தனை காலம் பூட்டி வைக்க முடியும்? 1770-ல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. 1796-லும் 1810-லும் பண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் பினாங்கு, இலங்கை என்று கொண்டுபோனார்கள். நம் குற்றாலத்தில் கம்பெனி வைத்த தோட்டத்திலும் ஜாதிக்காய் நடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலின் கிரனடாவுக்கும் போனது. இன்று அந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது.

சப்ளை பெருகியது, விலை இறங்கியது. டச்சுக் கம்பெனியோ 1799-லேயே கடனில் மூழ்கிக் கலைந்துபோயிருந்தது. பண்டாவை உலகம் மறந்தது.

இன்றைய ருன்

இன்று அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் வேறு தீவுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஜாதிக்காயும் மீனும்தான் பிழைப்பு. பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பண்டா நெய்ரா. அதற்கும் படகில்தான் போகவேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், பிள்ளை மேல்படிப்புக்குப் போகவேண்டும் என்றாலும், முதல் தடை கடல்தான்.

வருங்காலம் எப்படி? வாய்ப்பு இல்லாமல் இல்லை. இந்தோனேசியா இன்றும் உலகின் பெரிய ஜாதிக்காய் உற்பத்தி நாடுகளில் ஒன்று. பண்டாச் சரக்கின் தரத்துக்கு இன்றும் நல்ல பெயர் உண்டு. ஆனால் மரம் காய்க்கவே சுமார் ஏழு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். கொட்டையை மெல்லிய சூட்டில், புகையில் வாரக்கணக்கில் காயவைக்கவேண்டும். அவசரப்பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு சேரும். இதற்காகவே 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தோனேசிய ஜாதிக்காய்க்குச் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. ஆய்வுக்கூடமும் சான்றிதழும் இருப்பது நகரத்தில். மரம் இருப்பது கிராமத்தில். கையில் உடனே காசு தேவைப்படும் குடும்பம், அரைகுறையாகக் காய்ந்த சரக்கை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடும். நன்றாகக் காய்ந்த சரக்குக்குக் கிடைக்கும் கூடுதல் விலை இடையிலேயே நின்றுவிடும்.

மீனும் அப்படித்தான். சூரை மீனுக்கு வெளிநாட்டில் நல்ல விலை, ஆனால் ஐஸ் இல்லாமல் அது எத்தனை மணி நேரம் தாங்கும்?

அதனால் ருன்னுக்கு இன்று வேண்டியது இன்னொரு அதிசய மரமல்ல. சரக்கைக் காயவைக்க நல்ல கூடம், சேர்ந்து விற்க ஒரு கூட்டுறவு, தடையில்லாத மின்சாரம், நேரத்துக்கு வரும் படகு. இவ்வளவுதான். உலகத்திலேயே அருமையான பொருள் விளைந்தபோதும் அந்த ஊர் பணக்கார ஊராகவில்லை. ஏனென்றால் விலையை முடிவு செய்தவர்கள் எப்போதும் வேறு ஊரில் இருந்தார்கள். அன்று ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும். இன்று துறைமுக நகரங்களில்.

பிரெடாவில் ருன் மக்களுக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை. 350 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. ஜாதிக்காய்க்கு விலை பேசும் இடத்திலாவது அவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா?