கிராஃபைட்: எஃகு உலையிலிருந்து ஏவூர்தி வரை

கிராஃபைட்டைப் பற்றி எழுதுவோர் அதன் இயல்புகளைச் சொல்லி, அவற்றால்தான் அது ஏவூர்திக்கும் அணு உலைக்கும் போயிற்று என்று முடித்துவிடுவது வழக்கம். வளிமண்டல அழுத்தத்தில் அது உருகுவதில்லை. 3,600 பாகை செல்சியசை ஒட்டி நேரே ஆவியாகிறது. உலோகங்கள் சூட்டில் தளரும்போது இது ஏறத்தாழ 2,500 பாகை வரை வலுக்கூடிக்கொண்டே போகிறது. எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் வெட்டியெடுத்த கட்டியும் கிராஃபைட்தான். அங்கிருந்து ஏவூர்திவரை வர ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஏன் ஆயின என்ற கேள்விக்கு இந்த இயல்புகள் விடை சொல்வதில்லை. விடை உலைக்கூடத்தில் இருக்கிறது. எஃகையும் வேதிப்பொருள்களையும் டன்கணக்கில் ஆக்கிய கனரகத் தொழில்கள் தங்கள் பாட்டுக்குக் கிராஃபைட்டைச் செய்யக் கற்றன. அந்தக் கல்விதான் பின்னர் விண்தொழிலுக்கு முதலாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெட்டியெடுத்த கிராஃபைட்டின் காலம் மூசையின் காலம். பாரோடேலில் அது பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்குப் பூச்சாக உதவியது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சுரங்கங்களின் நாளக் கிராஃபைட் களிமண்ணோடு சேர்ந்து உலோகம் உருக்கும் மூசைகளானது. லண்டன் பாட்டர்சீயில் 1856இல் தொடங்கிய மார்கன் நிறுவனமும், அமெரிக்காவின் ஜோசப் டிக்சன் நிறுவனமும் இந்தத் தொழிலில் பேர்பெற்றவை. முதல் உலகப் போரில் தேவை உச்சத்துக்குப் போய், 1916இல் இலங்கையின் ஏற்றுமதி சுமார் 33,000 டன்னைத் தொட்டது. போர் முடிந்ததும் சந்தை சரிந்தது. மடகாஸ்கரின் மலிவான செதில் கிராஃபைட் ஒரு காரணம். எஃகுத் தொழில் மூசையைக் கைவிட்டு மின் உலைக்கு மாறியது இன்னொன்று. சுரங்கப் பொருளுக்கு ஓர் உள்ளார்ந்த குறையும் இருந்தது: நாளத்துக்கு நாளம் தூய்மை மாறும், ஆளுயரத் தண்டாக அதை வெட்டியெடுக்கவும் முடியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது எட்வர்ட் குட்ரிச் அச்சிசன் கண்ட முறை. கார்போரண்டம் எனப்படும் சிலிக்கன் கார்பைடை 1891இல் செய்த அவர், அதையே மேலும் சூடேற்றினால் சிலிக்கன் ஆவியாகிக் கிராஃபைட் எஞ்சுவதைக் கண்டார். 1896இல் காப்புரிமை கிடைத்தது. 1899இல் நயாகராவில் நிறுவனம் எழுந்தது. இடத்தேர்வு தற்செயலன்று. மலிவான நீர்மின்சாரம் இல்லாமல் இந்தத் தொழில் ஒரு நாள்கூட ஓடாது. கோக்கை அரைத்து, நிலக்கரித் தாரின் பிசினோடு பிசைந்து, தண்டாக அழுத்தி, முதலில் ஏறத்தாழ 1,000 பாகையில் சுட்டு, பிறகு மின்சாரம் பாய்ச்சி 3,000 பாகையை நெருங்கும் சூட்டில் வைத்தால், ஒழுங்கற்றுக் கிடந்த கரிம அணுக்கள் அடுக்கடுக்காகப் படிகின்றன. சூட்டை ஏற்றி, வைத்திருந்து, ஆறவிட வாரக்கணக்காகும். விரித்துச் சொல்லக் காரணம் உண்டு: எந்தக் கோக், எவ்வளவு நுண்மணி, எத்தனை முறை பிசின் ஊட்டல் என்ற ஒவ்வொரு முடிவும் பொருளின் குணத்தை மாற்றும். கிராஃபைட் முதன்முறையாக வடிவமைக்கக்கூடிய பொருளானது. உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுத்த ஆலைகளும், பால் எரூல் வழிவந்த மின்வில் எஃகு உலைகளும் அதன் மின்முனைகளை வாங்கித் தீர்த்தன. அந்த ஓயாத விற்பனைதான் தொழிலை வளர்த்தது.

இதன் பயன் 1942இன் இறுதியில் ஒரே நேரத்தில் இரு எதிரணிகளிடம் வெளிப்பட்டது. அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனமுண்டேயில் ஏ-4 ஏவூர்தி, அதாவது பின்னாளைய வி-2, முதன்முறை வெற்றிகரமாகப் பறந்தது. அதைத் திசைதிருப்பியவை கக்கும் தீத்தாரையின் உள்ளேயே நின்ற நான்கு கிராஃபைட் தகடுகள். விலையுயர்ந்த மாலிப்டினத்தின் இடத்துக்கு வந்தவை அவை. ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடித்தால் போதும், அது கிராஃபைட்டால் முடிந்தது. டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிக்கோ பெர்மியின் குழு, ஏறத்தாழ 45,000 கிராஃபைட் கட்டிகளை அடுக்கி நியூட்ரான்களைத் தணித்து, முதல் தொடர்வினையை நடத்தியது. இங்கே வேண்டியிருந்தது சூடு தாங்கும் திறன் அன்று, தூய்மை. நியூட்ரானை விழுங்கும் போரான் இம்மியளவு இருந்தாலும் வினை நின்றுவிடும். லியோ சிலார்டின் வற்புறுத்தலால் மின்முனை ஆலைகளே போரான் குறைந்த கிராஃபைட்டைச் செய்து தந்தன. ஜெர்மனியில் வால்டர் போத்தே 1941இல் செய்த அளவீடு கிராஃபைட் உதவாது என்று காட்ட, அங்கே கனநீர் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏவூர்திக்குப் போதுமான கிராஃபைட் அணு உலைக்குப் போதவில்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

பொருள் ஒன்றுதானே, இயற்கை தந்ததைத் தொழில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். இரண்டாம் உலகப் போரின் விமானங்களே இதற்கு விடை. தரையில் மாதக்கணக்கில் உழைத்த மின்னாக்கிகளின் கரித்தூரிகைகள் உயரே போனதும் சில மணி நேரத்தில் பொடியாயின. கிராஃபைட்டின் வழவழப்பு முழுக்க அதன் சொந்தச் சொத்து இல்லை, காற்றிலுள்ள நீராவி அதன் பரப்பில் ஒட்டுவதால் வருவது என்பதை ஜெனரல் எலக்ட்ரிக்கின் ராபர்ட் சேவேஜ் 1948இல் விளக்கினார். விண்கல மசகாக மாலிப்டினம் டைசல்பைடு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டுப்பொருளும் சுற்றுச்சூழலும் தெரியாமல் ‘இயல்பு’ என்று பேசுவதில் பொருளில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. கரிம இழை வந்தது நெசவு நாரிலிருந்து. கரிம இழையைக் கரிமத்திலேயே பதித்த கார்பன்-கார்பன் கலவையை 1958இல் சான்ஸ் வாட் விமான நிறுவனத்தில் தற்செயலாகக் கண்டார்கள். அப்படியானால் விண்தொழில் தன் கிராஃபைட்டைத் தானே செய்துகொண்டது அல்லவா? பாதி ஒப்புக்கொள்ள வேண்டியதே. கான்கார்டின் கரிமப் பிரேக்குகள் விமானத் தேவையால் பிறந்தவை. ஆனால் அதே 1958இல் கிராஃபைட் இழையைக் கண்ட ரோஜர் பேக்கன், அச்சிசன் நிறுவனத்தை உள்ளடக்கிய யூனியன் கார்பைடின் ஆய்வகத்தில் கரிம மின்வில்லை ஆராய்ந்துகொண்டிருந்தவர். இழை எந்த நாரிலிருந்து வந்தாலும் அதை உயர்தர இழையாக்குவது அதே கிராஃபைட்டாக்கும் சூடுதான். தொழில் முதிராத இடத்தில் விண்ணார்வம் மட்டும் முந்தினால் என்னவாகும் என்பதற்கு ரோல்ஸ்-ராய்ஸ் சான்று: ஆர்பி211 பொறியின் கரிம இழை விசிறித் தகடுகள் பறவை மோதல் சோதனையில் தோற்று, டைட்டானியத்துக்குத் திரும்ப நேர்ந்தது, 1971இல் நிறுவனமே திவாலானது.

கரிமத்தின் தீராத பலவீனம் ஆக்சிஜன். சூடான காற்றில் அது எரியும். அமெரிக்க விண்ணோடத்தின் மூக்கும் இறக்கை முன்விளிம்பும் கார்பன்-கார்பனால் ஆனவை. அவற்றைக் காத்தது மேலே இருந்த சிலிக்கன் கார்பைடு படலம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா அழிந்தது, ஏவும்போது நுரைத்துண்டு மோதி அந்த விளிம்பில் ஏற்பட்ட ஓட்டையால். 2024இல் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்துக்கான கார்பன்-கார்பன் நாசிலை மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்தது. உலோக நாசிலைவிட ஏறத்தாழ 67 விழுக்காடு எடை குறைவு. ஏவூர்தி கூடுதலாக 15 கிலோ சுமக்கலாம். அதன் மேலும் சிலிக்கன் கார்பைடு பூச்சே.

மகேந்திரகிரிக்கு வடக்கே சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதில் கிராஃபைட் வெட்டுகிறது. தீச்செங்கலுக்கும் மூசைக்கும் அது நல்ல பொருள். நாசிலாக அது மாறுவதில்லை. 2023 ஜூனில் இந்தியா முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டைச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, இயற்கைச் செதிலோடு உயர்தூய்மை, உயர்அடர்த்திச் செயற்கைக் கிராஃபைட்டையும் சேர்த்தே பூட்டியது. பெய்ஜிங் அறிந்திருப்பதை நம் கொள்கை வகுப்போரும் கணக்கில் கொள்ள வேண்டும்: கனிம இருப்பைக் கணக்கெடுக்கும் அறிக்கையில், 3,000 பாகைக்குச் சூடேற்றத் தெரிந்த உலைகள் எத்தனை என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும்.