கருக்கலைப்புச் சட்டம்: முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறிய வரலாறு

இந்தியாவில் கருக்கலைப்பு குறித்த சட்ட விவாதம் பெரும்பாலும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலுமே நடந்துவந்துள்ளது. குற்றவியல் சட்டம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதும், 1971இல் இயற்றப்பட்ட மையச் சட்டம் ஒன்று இன்று நாடு முழுமைக்கும் வழிகாட்டுவதும் இதற்குக் காரணங்கள். அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமையை நீக்கிய 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கொரு விதி வகுத்ததைப் போன்ற நிலை இங்கு எழவில்லை. இங்கு கருவைக் கலைக்கலாமா என்பதைவிட, கலைப்பது பற்றி யார் முடிவு செய்வது என்பதே விவாதத்தின் மையமாக இருந்துள்ளது.

தொடக்கம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 312ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தில் அன்றி வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் மூன்றாண்டுவரை சிறை என்றது. வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பின்னானால் ஏழாண்டுவரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இப்பிரிவின்படி குற்றவாளியே. சட்டம் தடுத்தும் கருக்கலைப்பு நிற்கவில்லை. அது மறைவிடங்களுக்குப் போனது. பயிற்சியற்ற கைகளில் பெண்கள் இறப்பது தொடர்ந்தது.

இந்த இறப்புகளும் குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையும் சேர்ந்து கருக்கலைப்பு பற்றி ஆராய 1964இல் ஒரு குழுவுக்கு வழிவகுத்தன. மகாராஷ்டிர அமைச்சராக இருந்த சாந்திலால் ஷா தலைமையிலான அக்குழு 1966இல் அறிக்கை தந்தது. பிரிட்டன் 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியதும் இங்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா 1969இல் மாநிலங்களவைக்கு வந்தது. அப்போது நலவாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் இணையமைச்சராக இருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மக்கள்தொகையியல் அறிஞர் எஸ். சந்திரசேகர். 1971 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம் 1972 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் 312ஆம் பிரிவை நீக்கவில்லை. விதிகளின்படி நடக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. 12 வாரம்வரை ஒரு மருத்துவர், 12 முதல் 20 வாரம்வரை இருவர் நல்லெண்ணத்துடன் கருத்துத் தரவேண்டியிருந்தது. உடல், மன நலத்துக்குக் கடும் பாதிப்பு, கருவில் ஊனம் ஏற்படும் வாய்ப்பு, பாலியல் வன்கொடுமை ஆகியவை காரணங்களாயின. கருத்தடை முறை பலனளிக்காததும் ஏற்கப்பட்டது. ஆனால் மணமான பெண்ணுக்கு மட்டும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பல மருத்துவமனைகள் அதைக் கேட்டு வாங்குவது வழக்கமாக நிலைத்துவிட்டது.

மாநிலச் சட்டமன்றம் ஒன்று முன்னின்று கட்டுப்பாடு கொண்டுவந்தது வேறொரு கோணத்தில். கருவின் பாலினத்தை அறிந்து பெண் கருவைக் கலைப்பது பரவியபோது, மகாராஷ்டிரம் 1988இல் பரிசோதனைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 1994இல் நாடாளுமன்றம் அதைத் தேசிய அளவில் செய்தது. பெண் சிசுக்கொலையால் பேசப்பட்ட சேலத்தில், கைவிடப்படும் பெண் குழந்தைகளை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. பரிசோதனையைத் தடுக்கும் சட்டமும் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டமும் மக்கள் மனத்தில் ஒன்றாகக் குழம்பியதால், சட்டப்படியான கருக்கலைப்பையும் குற்றமாகக் கருதும் எண்ணம் வலுத்தது.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை மாவட்டக் குழுவுக்கு மாற்றியது. செஞ்சி வட்டத்து அனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை அனுமதி கேட்டால், அதன் கோப்பு சென்னைக்குப் போக வேண்டியதில்லை, விழுப்புரத்திலேயே முடிவாகும். அடுத்த ஆண்டு விதிகள் ஏழு வாரம்வரை மாத்திரை முறையை ஏற்றன. 2015இல் இந்தியாவில் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாகத் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் தரவைக் கொண்ட ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை.

இருபது வார வரம்பைக் கடந்தவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2008இல் கருவின் இதயக் குறைபாட்டைக் காட்டி அனுமதி கேட்ட தம்பதியின் கோரிக்கையை மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2021 திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு வரம்பை 24 வாரமாக்கியது. கருவில் பெருங்குறை இருந்தால் வார வரம்பை நீக்கி, முடிவை மருத்துவ வாரியத்திடம் விட்டது. கருத்தடை பலனளிக்காதது பற்றிய விதியில் ‘கணவர்’ என்ற இடத்தில் ‘துணைவர்’ வந்தது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை மாநிலங்களவையில் தோற்றது.

மணமாகாத பெண்ணுக்கும் 24 வார உரிமை உண்டு என 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து, 2023 அக்டோபர் 16இல், 26 வாரம் கடந்த மணமான பெண்ணின் கோரிக்கையை அதே நீதிமன்றம் மறுத்தது. கருவில் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பன காரணங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு, 1860இன் 312ஆம் பிரிவைப் பெரிதும் அப்படியே தொடர்கிறது. மருத்துவர், வாரியம், நீதிமன்றம் என அதிகாரம் கைமாறியுள்ளது. விருப்பத்தை மட்டும் காரணமாகக் காட்டிக் கருவைக் கலைக்கும் உரிமையைப் பெண்ணுக்குச் சட்டம் இன்னும் வழங்கவில்லை.