படத்தோடு மின்னஞ்சல் அழைப்பு: செய்தியைப் படத்துக்குள் பூட்டாதீர்கள்

ஜார்ஜ்டவுன் – தண்ணீர்மலைத் தைப்பூசம், தெலுக் பகாங் மாசி மகத் தெப்பத் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என ஆண்டு முழுவதும் நமக்கு மின்னஞ்சலில் அழைப்புகள் வருகின்றன. அவற்றில் பலவற்றில் ஒரே ஒரு படம்தான் இருக்கும். நாள், நேரம், இடம், தொடர்பு எண் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும்.

அப்படி வந்த ஓர் அழைப்பு என் திரையில் வெற்றுக் கட்டமாகத் தெரிந்தது. அது என்ன அழைப்பு என்பதை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அறிந்தேன்.

பழக்கம் வந்த கதை

இதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டைப் பயன்படுத்தியது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் தமிழ் உரை புரியாத குறிகளாக மாறிவிடும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் பலருக்குக் கைகொடுத்தது. அது இல்லாதவர்களுக்குப் படமாக அனுப்புவதே பாதுகாப்பாக இருந்தது.

இன்று யூனிகோடு எல்லாக் கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே லதா எழுத்துரு சேர்க்கப்பட்டுவிட்டது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

படம் சேர்க்கும் மூன்று வழிகள்

எச்டிஎம்எல் மின்னஞ்சல் என்பது தலைப்பு, வண்ணம், படம் ஆகியவற்றை வலைப்பக்கம் போல அடுக்கிக் காட்டும் மடல். மடலில் உரையோடு படத்தையும் சேர்த்து அனுப்ப வழிசெய்தது மைம் என்ற தரமுறை. அதை வகுத்தவர்களில் ஒருவரான நத்தானியல் போரன்ஸ்டீன் 1992 மார்ச் 11 அன்று அம்முறையில் ஒரு படத்தை அனுப்பினார்.

1. உட்பொதித்தல்: படம் மடலுடனேயே பயணிக்கும். அதற்கு சிஐடி எனும் அடையாளம் கொடுத்து, மடலில் அது தோன்ற வேண்டிய இடத்தில் அந்த அடையாளத்தைக் குறிப்பார்கள். அழைப்புகளுக்கு ஏற்ற வழி இதுவே.

2. இணைய முகவரி: படம் இணையத்தில் இருக்கும், மடல் அதை அழைத்துக் காட்டும். மடல் இலேசாக இருக்கும். ஆனால் அவுட்லுக் போன்ற செயலிகள் இத்தகைய படங்களைத் தடுத்து வைப்பதுண்டு.

3. படத்தை எழுத்துத் தொடராக்கி எச்டிஎம்எல்லுக்குள் எழுதுதல்: ஜிமெயிலில் இது தெரியாது. தவிர்த்துவிடுங்கள்.

அனுப்பும் முறை

• படத்தின் அகலத்தை ஏறக்குறைய 600 பிக்சலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மடலில் சேரும்போது படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும்.

• ஜிமெயிலில் புதிய மடலைத் திறந்து, கீழே உள்ள படக்குறியை அழுத்துங்கள். இணைப்பாக அல்லாமல், மடலுக்குள் வைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்.

• படத்தின் கீழே நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவற்றை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள்.

• செயலியில் மாற்று உரை எழுதும் வசதி இருந்தால், படம் என்ன என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

• பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் கட்டத்தில் இடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும்.

யாருக்குப் பயன்?

பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருள் வழியாக மடலைக் கேட்கிறார்கள். உரையை அது வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். செயின்ட் நிக்கலஸ் இல்லம் பல்லாண்டுகளாகப் பார்வையற்றோருக்குத் தொண்டாற்றிவரும் பினாங்கில் இதை நாம் மறக்கக் கூடாது.

மற்றவர்களுக்கும் நன்மை உண்டு. தட்டச்சு செய்த தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்கலாம். இடத்தின் பெயரை நகலெடுத்து வரைபடத்தில் தேடலாம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதம் கழித்து அஞ்சல் பெட்டியில் தேடினாலும் மடல் கிடைக்கும்.

அனுப்புமுன் ஒரு சோதனை: செயலியில் படங்கள் தெரியாதபடி அமைத்துவிட்டு, மடலை முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். எங்கே, எப்போது என்று அப்போதும் தெரிந்தால் அழைப்பு தயார்.