கெண்டைக்கால் வலி: ஸ்டீவ் கர்னியும் போர்னியோ குகையும்

ஓட்டம், சைக்கிள், கயாக் எல்லாத்தையும் ஒரே ரேஸில் செய்யும் வீரர்களின் கதையைப் பெரும்பாலும் 'மன உறுதி'ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுவாங்க. நியூசிலாந்துக்காரர் ஸ்டீவ் கர்னியின் கதையையும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை.

முதல்ல இடத்தைப் பார்த்துடலாம். நியூசிலாந்தின் தென் தீவு. மேற்கே குமாரா கடற்கரை, கிழக்கே கிறைஸ்ட்சர்ச் நகரம், நடுவில் பனி மூடிய மலைத்தொடர். ஒரு கடலில் கிளம்பி மறு கடலில் முடிக்கிற ஒரு ரேஸை 1983-ல் ராபின் ஜட்கின்ஸ் ஆரம்பித்தார். பெயர் 'கோஸ்ட் டு கோஸ்ட்'. முதல் வருஷம் வந்தவங்க 79 பேர்தான். மொத்தம் 243 கிலோமீட்டர். ஆரம்பத்தில் இரண்டு நாள் போட்டி. 1987-ல் எல்லாத்தையும் ஒரே நாளில் முடிக்கும் பிரிவும் வந்தது.

இதில் சுமார் 33 கிலோமீட்டர் மலை ஓட்டம். மலைன்னதும் நம்ம ஊர் படிக்கட்டுப் பாதையைக் கற்பனை பண்ணாதீங்க. டிசெப்ஷன் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியா, உருண்டைக் கற்கள் மேல, அதே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து கணவாய்க்கு ஏறணும். அது முடிஞ்சு, கொஞ்ச தூரம் சைக்கிள் மிதிச்ச பிறகு, வைமகாரிரி ஆற்றில் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் கயாக். அதுக்கப்புறம் திரும்பவும் சைக்கிள்! கர்னி படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 1990, 1991 இரண்டு வருஷமும் இந்தப் போட்டியை ஜெயித்தார்.

அதே காலத்தில் இன்னொரு வகைப் போட்டியும் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர் ஜெரார்ட் ஃபுசில் 1989-ல் தொடங்கிய 'ரெய்ட் கோலுவாஸ்'. கோலுவாஸ் ஒரு சிகரெட் பிராண்டு. நுரையீரல் கிழிய ஓடுற போட்டிக்கு சிகரெட் கம்பெனி பெயர்! ஐந்து பேர் கொண்ட அணி, அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கணும், மோட்டார் வண்டி கூடாது. அணி முழுசா எல்லையைத் தொடணும் என்பதுதான் முக்கியமான விதி. அதாவது, உங்களுக்கு முடியலைன்னா மத்த நாலு பேரோட உழைப்பும் போச்சு. அப்படி ஒரு அணியில் இருக்கும்போது 'எனக்கு உடம்பு சரியில்லை'ன்னு எத்தனை பேருக்கு வாய் வரும்?

1994-ல் அந்தப் போட்டி மலேசிய போர்னியோவில் நடந்தது. வழியில் முலு குகைகள். லட்சக்கணக்கான வவ்வால்கள் வாழும் இடம், தரையெல்லாம் எச்சம். அங்கேதான் கர்னிக்கு லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றியது. நம்ம ஊரில் இதற்குப் பெயர் எலிக்காய்ச்சல். வெள்ளம் வடிஞ்சதும் 'தேங்கின தண்ணியில் வெறுங்காலோட நடக்காதீங்க'ன்னு எச்சரிப்பாங்களே, அதே நோய். எலி மட்டுமில்ல, வேறு பல விலங்குகளும் இதைப் பரப்பும். அவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈர மண்ணிலும் கிருமி உயிரோட இருக்கும். தோலில் ஒரு சின்னக் கீறல், இல்லைன்னா கண், மூக்கு, வாய் வழியா உள்ளே போகும். நாள்கணக்கா நீரில் ஊறி, முள் கிழிச்ச கால்களை விட அதற்கு வசதியான வாசல் வேண்டுமா?

எனக்கு இதில் முக்கியமாப் படுறது அறிகுறிகள்தான். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, அப்புறம் கெண்டைக்காலில் கடுமையான வலி. பல நாள் காட்டில் ஓடின ஒருத்தருக்குக் கால் வலிக்காம இருக்குமா? தூங்காத கண் சிவக்காம இருக்குமா? வலியைப் பொருட்படுத்தாம ஓடத்தான் இவங்க வருஷக்கணக்கா பழகியிருக்காங்க. ரேஸில் ஜெயிக்க வைக்கிற அதே பழக்கம், இந்த நோயில் ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தள்ளிப்போட வைக்கும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்தா பெரும்பாலும் குணமாகும். முற்றினால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் வரை போகும். கர்னிக்கு முற்றியது. உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றா செயலிழந்து, சாவின் விளிம்புக்கே போய்த் திரும்பினார்.

1997-ல் அவர் மறுபடியும் கோஸ்ட் டு கோஸ்டை ஜெயித்தார். அங்கே ஆரம்பிச்சு 2003 வரை ஏழு வருஷம் தொடர்ச்சியா அவர்தான். மொத்தம் ஒன்பது வெற்றி. பிரமிக்க வைக்கும் கணக்கு, மறுக்கலை. ஆனா 'மன உறுதியால் மரணத்தை வென்றார்'னு சொல்லும்போது, சாமர்த்தியமா மருத்துவத்தை மறந்துடறோம். கிருமிக்கு மன உறுதி தெரியாது.

அவர் ஜெயிச்சிட்டிருந்த அந்த வருஷங்களிலேயே இதற்குச் சாட்சி கிடைத்தது. 1998-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஒரு ட்ரையத்லான். ஏரியில் நீந்தியவர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. அப்புறம் 2000-ல், மறுபடியும் போர்னியோ. சபா பகுதியில் 'ஈகோ சேலஞ்ச்' போட்டி, 26 நாடுகளிலிருந்து 304 பேர். முடிச்சு வீட்டுக்குப் போனாங்க. நோய் வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், காய்ச்சல் வந்ததெல்லாம் வேற வேற நாட்டில். தனித்தனியா பார்க்கிற டாக்டருக்கு இது ஒரு சாதாரணக் காய்ச்சல். பயணிகளின் நோய்களைக் கவனிக்கும் மருத்துவ வலைப்பின்னல் இதை இணைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தது. பதில் சொன்ன 189 வீரர்களில் 80 பேருக்கு நோயின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. பாதையில் குகையும் இருந்தது, காடும் இருந்தது. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தப்போ தனித்துத் தெரிந்தது செகாமா ஆறு. அதில் நீந்தினவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு.